நைனா, தொழிற்பேட்டைக்கு மீட்டர் எடுத்துப் போனேன்

கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிற என் செல்ல நைனாவுக்கு,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட் முன்னால் நின்று சத்தம் போட்டேன். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. போகக் கூடாது என்று எங்கள் துறைத் தலைவர் சொல்லியிருந்தார். போனேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ கிரேன் ஓட்டிய மில் அங்கிருந்து மூன்றாவது ரோட்டில்தான் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சௌக்கியம், சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நான் அணு மருத்துவத்தில் எம்.டி. முடித்துவிட்டேன். இப்போது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஃபெல்லோஷிப். எம்.டி.க்கு மேலே இன்னும் ஒரு பயிற்சி. "இன்னும் எத்தினி வருசம்தான் படிப்ப?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. இதுதான் கடைசி, நைனா. ஐசோடோப்பு மருந்தை உடம்புக்குள் அனுப்பி, நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று படம் எடுக்கிறோம். கண்டுபிடித்த பிறகு அதே வழியில் இன்னொரு மருந்தை அனுப்பி அதைச் சுடுகிறோம்.

காலையில் போனதும் ஈயம் போர்த்திய ஒரு ஜாடியிலிருந்து அன்றைக்கு வேண்டிய மருந்தைக் கறப்போம். கறப்பது என்றுதான் சொல்வோம், சிரிக்காதே. சர்க்கரை போன்ற ஒரு மருந்து இருக்கிறது. அதை ஏற்றிவிட்டுப் படம் எடுத்தால், புற்றுநோய் எங்கெல்லாம் பசியோடு உட்கார்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். ஒரே படத்தின் முன்னால் மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்த நாள் உண்டு. தவறாகச் சொன்னால் ஒருவருக்கு வேண்டாத வைத்தியம். சொல்லாமல் விட்டால் அவருக்கு வைத்தியமே இல்லை.

உனக்குக் கொடுத்தார்களே, கதிர் அயோடின், அதையும் இப்போது நான்தான் என் கையால் கொடுக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உன் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ உருக்கு மில்லில், கூரைக்குக் கீழே ஓடுகிற பெரிய கிரேனின் ஆபரேட்டர். கழுத்தில் கட்டி வந்ததைத் துண்டால் மறைத்துக்கொண்டே ஒரு வருடம் வண்டி ஓட்டினாய். தைராய்டு புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். மிச்சம் மீதி இருப்பதை அழிக்க அயோடின் கொடுத்து மூன்று நாள் தனி அறையில் வைத்தார்கள். கதவுக்கு வெளியே ஸ்டூலில் சாப்பாடு வரும். நீ அங்கிருந்து அம்மாவுக்குப் போன் போட்டு, "இன்னாடி இது, ஜெயில்ல கூட கம்பி வழியா மூஞ்சிய பாக்கலாம்" என்று சிரித்தாய்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். சில நாள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இரு, தட்டும் டம்ளரும் தனியாக வைத்துக்கொள் என்று. அந்தச் சில நாள் என்றைக்கு முடிகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆகவே ஊரைப் பொறுத்தவரை அது முடியவே இல்லை.

மில் கேண்டீனில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், உனக்குப் பேப்பர் கப். உனக்கு அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் கிரேன் சீட்டில் சாக்கு விரித்துத்தான் உட்காருவார். "சீட்டு இன்னும் சூடா கீதாம்மா. என் ரேடியேசன் அவருக்கு ஒட்டிக்குமாம்" என்று முதலில் நீ அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னாய். மூன்றாம் மாதம் உன்னைக் கிரேனிலிருந்து இறக்கி, பழைய இரும்பு கொட்டுகிற யார்டில் கேட் பார்க்க விட்டார்கள். அன்றிலிருந்து நீ வேடிக்கையாக எதையும் சொல்லவில்லை.

ஆறாம் மாதம் மறுபடி ஸ்கேன். பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, "க்ளீனா கீதுன்னு சொல்ட்டாங்க" என்றாய். நான் அப்போது மெடிக்கல் காலேஜில் இரண்டாம் வருடம். ரிப்போர்ட்டைக் கொடு, பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிரியாணி சாப்பிட்டேன். நான் ஏன் கேட்கவில்லை, நைனா?

நான்கு வருடம் கழித்து உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, பீரோவில் காக்கிச் சட்டைகளுக்கு அடியில் அந்த ரிப்போர்ட் கிடைத்தது. நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள், இரண்டாம் முறை அயோடின் கொடுக்க வேண்டும், உடனே வரவும் என்று எழுதியிருந்தது. அதை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "இன்னொரு வாட்டி அந்த ரூமுக்குப் போய்ட்டு வந்தா, யார்டு கேட்ல கூட நிக்க வுட மாட்டானுங்க. அப்பறம் நம்ம ஊட்டுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அதற்குள் அந்தப் புள்ளிகள் அயோடினைக் குடிப்பதை நிறுத்திவிட்டிருந்தன, இனி கொடுத்தாலும் பயனில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் குடித்திருக்கும். இன்றைக்கு அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவளாகச் சொல்கிறேன், பெரும்பாலும் குடித்திருக்கும்.

சாவு வீட்டில் ஆளாளுக்கு, "ரேடியேசன் குடுத்தாங்க இல்ல, அதான் ஆள அரிச்சிடுச்சி" என்று பேசிக்கொண்டார்கள். நான் எழுந்து நின்று கத்தினேன். குடுத்ததால சாகல, குடுக்க விடாம செஞ்சீங்களே, அதனால செத்தாரு என்று. மில்லிலிருந்து வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உன் மேலும் எனக்குக் கோபம்தான். அவர்கள் பயந்தார்கள், நீ பொய் சொன்னாய். இரண்டையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எம்.டி.க்கு இடம் எடுக்கிற நேரத்தில் ஊத்துக்கோட்டை அத்தை வந்து உட்கார்ந்துகொண்டது. "பிரசவம் பாக்குற படிப்பு எடு. ரேடியேசன்ல நின்னா கர்ப்பப்பை காஞ்சி பூடும்" என்றது. அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே, "அவரு ரூமுக்கு வெளிய மூணு நாள் நான்தான் நின்னேன். எனக்கு இன்னா ஆயிடுச்சி? அவ இஷ்டத்துக்குப் படிக்கட்டும்" என்றது. நான் அணு மருத்துவத்தை எடுத்தேன்.

திருநின்றவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஐ.டி. வேலை, நல்ல மாதிரிதான் பேசினார். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை, நான் துறையை மாற்றிக்கொள்ள வேண்டும். "ஒரு நாள் எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு வாங்க, மார்ல மாட்டிக்கிற பேட்ஜுல எவ்ளோ ரேடியேஷன் பதிவாவுதுன்னு காட்றேன்" என்றேன். "அங்கெல்லாம் நான் வர மாட்டேங்க" என்றார். அதோடு முடிந்தது. நீ பயந்தது சரிதான் நைனா, ஒருவன் வந்து திரும்பிப் போனான். ஆனால் பார், உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. அன்றைக்கு நானும் அம்மாவும் சேமியா பாயசம் வைத்துக் குடித்தோம்.

இனி மெஹரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவள் உண்மைப் பெயர் இல்லை. உண்மைப் பெயரை உனக்கு மட்டும் மனதுக்குள் சொல்லிவிட்டேன். பழவேற்காட்டுக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, ஒரு பெண் ஆறாவது படிக்கிறாள். தொழிற்பேட்டையில் கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை. உனக்கு வந்த அதே நோய், அதே ஆபரேஷன். அயோடின் மாத்திரையை நான்தான் கொடுத்தேன். தள்ளி இருக்க வேண்டிய நாள் கணக்கெல்லாம் முடிந்து, இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வந்தவள் நாற்காலியில் உட்காராமலே நின்றாள்.

"இனிமே நான் வரல டாக்டரம்மா. ஸ்கேனும் வேணா, ஒண்ணும் வேணா."

"ஏன்? என்ன ஆச்சு?"

"கம்பெனி பஸ்ல ஏற வுடல. கேட்டாண்ட போனா, உனக்குக் கரண்ட் வைத்தியம் பண்ணிக்கீறாங்களாமே, லேடீஸ் எல்லாம் பயப்படறாங்க, ஊட்டுக்குப் போன்னு சொல்றாரு மேனேஜரு. இன்னொரு வாட்டி ஆஸ்பத்திரில படுத்தா, சுத்தமா பேரையே அடிச்சிடுவாங்க. என் பொண்ணுக்கு நான்தான் கீறேன்."

உன் குரலை, நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னதை, அப்படியே இன்னொருத்தி வாயில் கேட்டேன். இந்தத் தடவை எதிரே உட்கார்ந்திருப்பது, ரிப்போர்ட்டைக் கேட்காமல் பிரியாணி சாப்பிட்ட இரண்டாம் வருட மாணவி இல்லை.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, நைனா. படம் பார்ப்பதில் அவருக்கு இணையாக இங்கே நான் யாரையும் பார்த்ததில்லை. "சர்ட்டிஃபிகேட் எழுதிக் குடு. அதோட நம்ம வேலை முடிஞ்சுது" என்றார். சர்ட்டிஃபிகேட் ஏற்கனவே கொடுத்தாயிற்று சார், வாட்ச்மேன் அதைக் கையால் தொடவே மாட்டேன் என்றாராம், செவ்வாய்க்கிழமை நானே நேரில் போய்ப் பேசுகிறேன் என்றேன். "செவ்வாய்க்கிழமை நீ கேஸ் ப்ரெசன்ட் பண்ற. வெளியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. நீ இங்க டிரெய்னிங்குக்கு வந்திருக்கே, யூனியன் நடத்த இல்ல" என்றார்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி எங்கள் தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதிகம் பேசாதவர். கதிர்வீச்சு அளக்கிற மீட்டர் ஒரு நாளைக்கு வேண்டும் என்று கேட்டு, எதற்கு என்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். "பேட்டரி புதுசு போட்டு வெக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். மெஹரிடமும் கேட்டேன். உன் நோயைப் பற்றி எல்லார் முன்னாலும் பேசட்டுமா, உனக்குச் சம்மதமா என்று. "ஊருக்கே தெரிஞ்சதுக்கு அப்பறம் மறைக்க இன்னா கீது? நானும் கூட நிக்கிறேன்" என்றாள்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை போனோம். மேனேஜர் ரிசப்ஷனுக்கு வந்தார், சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், மேனேஜ்மெண்ட்டுக்கு ஒண்ணும் இல்ல. லேடீஸ்தான் பயப்படறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ லேடீஸ் கிட்டயே பேசறேன். கூப்புடுங்க."

"அதெல்லாம் புரொசீஜர் இருக்கு மேடம்..."

அதற்குள் இரண்டு மணி சங்கு ஊதிவிட்டது. நான் மெஹரோடு கேட்டுக்கு வந்து நின்றேன், மேனேஜரும் பின்னாலேயே வந்தார். நீலக் கோட்டுப் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். மெஹரைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கியது. நைனா, அந்த ஒதுங்கலைப் பார்த்த பிறகு எனக்கு எந்தப் புரொசீஜரும் கண்ணில் படவில்லை.

"எல்லாரும் நில்லுங்க! நான் டாக்டர். மெஹருக்கு மாத்திரை குடுத்தது நான். இவளத் தொட்டா வரும்னா மொதல்ல எனக்குத்தான வரணும்?" என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது. நின்றார்கள்.

மீட்டரை ஆன் செய்து தரையில் காட்டினேன். லேசாக டிக் டிக் என்றது. கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. "பயப்படாதீங்க. மண்ணுல, ஆகாசத்துல, நம்ம எல்லார் உடம்புலயும் இவ்ளோ எப்பவும் இருக்கும்" என்றேன். பிறகு மெஹரின் கழுத்தில், தழும்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே டிக் டிக், அதே எண். கூட வந்த மேனேஜர் மேல் வைத்தேன், அதே எண். கேட்டை ஒட்டிய ரிசப்ஷனுக்குள் போய், எல்லோரும் பார்க்க அங்கிருந்த கிரானைட் மேஜைமேல் வைத்தேன். எண் கொஞ்சம் மேலே ஏறியது. கிரானைட் கல்லுக்கு அது இயல்பு, அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, அதையும் சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால், "மெஹர உள்ள வுடக் கூடாதுன்னா, மொதல்ல இந்த மேஜையத் தூக்கி வெளிய போடுங்க" என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அப்போது ஒரு பெண் முன்னால் வந்தாள். ஆந்திர எல்லைப் பக்கம், ஆரம்பாக்கத்துக்காரி. மெஹரை வரவிடக் கூடாது என்று முதலில் சொன்னதே இவள்தான் என்று மெஹர் என் காதில் சொன்னாள்.

"அக்கா, எனக்கு இப்ப மூணாவது மாசம்," என்றாள் அவள். "கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சி தங்கிக்கீது. டப்பு போனா திரும்ப சம்பாரிச்சிக்கலாம். இது போச்சின்னா? நீங்க மெய்யா சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் ஆவாதா?"

எனக்கிருந்த கோபம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இறங்கிவிட்டது. அவளுக்குப் பொய் சொல்லக் கூடாது. "மாத்திரை சாப்ட்ட புதுசுல, மொத ரெண்டு மூணு வாரம், நீ இவ பக்கத்துல ஒக்காந்திருக்கக் கூடாது. அத நானே இவகிட்ட சொல்லி அனுப்பினேன். இவ அந்த நாள் பூரா பெத்த பொண்ணையே தொடாம இருந்தா. இப்ப அதெல்லாம் முடிஞ்சி போச்சி. இப்ப உனக்கும் ஒண்ணும் ஆவாது, வயித்துல இருக்கறதுக்கும் ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அவள் மெஹரைப் பார்த்தாள். "பொண்ணத் தொடவே இல்லியா?"

"பதினெட்டு நாளு. தலை கூட வாரி வுடல" என்றாள் மெஹர்.

அந்தப் பெண் என் கையிலிருந்து மீட்டரை வாங்கினாள். மெஹரின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், தன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள், மறுபடி மெஹரின் கழுத்தில். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "எனக்கு யாரும் சொல்லல மெஹரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குக் கதை விட மாட்டேன். பேக்கிங்கில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். வயர் கட்டுகிற பழைய லைன்தான் வேண்டும் என்று மெஹரே நின்று பேசினாள், ஆரம்பாக்கத்துப் பெண்ணும் கூட நின்றாள். நான்கு நாள் இழுத்தடித்துவிட்டு அதே லைனைக் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஏறுகிறாள். இன்னும் இரண்டு பேர் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே வருகிறார்களாம். நிற்கட்டும், கால் வலித்தால் உட்காருவார்கள்.

எனக்கு மறுநாளே மெமோ வந்தது. அனுமதியில்லாமல் பணி நேரத்தில் வெளியே போனதற்கும், கேஸ் ப்ரெசன்ட் பண்ணாததற்கும் எழுத்து மூலமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. எழுதினேன். "ப்ரெசன்டேஷனுக்கு வராததற்கு வருந்துகிறேன். கம்பெனிக்குப் போனதற்கு வருந்தவில்லை. மாத்திரை கொடுப்பது எங்கள் பயிற்சி என்றால், அதைச் சாப்பிட்டவர் திரும்ப வாழப் போகிற இடமும் எங்கள் பயிற்சிதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

துறைத் தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். "இது மன்னிப்பா?" என்று கேட்டார். "பாதி சார்" என்றேன். என் ஃபெல்லோஷிப்பை ஒரு மாதம் நீட்டித்துவிட்டார். எல்லோரும் முடித்துப் போன பிறகும் நான் மட்டும் இருக்க வேண்டும். சரி என்றேன். கதவு வரைக்கும் போன என்னைத் திரும்பக் கூப்பிட்டார். "அந்த டிஸ்சார்ஜ் ஷீட்டைத் தமிழ்ல எழுது. தடை என்னிக்கு முடியுதுன்னு தேதி பெரிசா இருக்கணும்" என்றார். முகத்தை மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கவே இல்லை. அவருக்கும் மனசு கேட்டிருக்குமோ? தெரியவில்லை. ஷீட்டை எழுதிவிட்டேன். தேதிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இந்த நாளுக்குப் பிறகு இவரைக் கட்டிப்பிடிக்கலாம்.' அதை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

நைனா, நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா? வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று சொல்லியிருப்பாயா? இல்லை, நீயும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று பார்த்திருப்பாயா?

நேற்று மெஹர் ஸ்கேனுக்கு வந்தாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காரணம் என்கிற இடத்தில் ஸ்கேன் என்றே எழுதிவிட்டு வந்திருந்தாள். படத்தை நான்தான் பார்த்தேன். கழுத்தில் இன்னும் ஒரு சின்ன இடம் மின்னியது. இன்னொரு தடவை அயோடின் கொடுத்தாக வேண்டும். அவளை உட்காரவைத்து, படத்தைத் திருப்பிக் காட்டி, அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அந்த மின்னுகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "எப்ப வந்து படுக்கணும் டாக்டரம்மா? கம்பெனில சொல்லணுமே" என்றாள்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்காக இத்தனை வருடத்தில் நான் அழுத அழுகை எல்லாம் ஆத்திரம். நேற்றுதான் வேறு மாதிரி வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் வருகிறாள். மருந்தை நான்தான் கொடுப்பேன். இனி என் கையால் இந்த மருந்தை வாங்கிக்கொள்கிற ஒவ்வொருவரிடமும், எங்கே வேலை பார்க்கிறீர்கள், யார் உங்களைத் தடுப்பார்கள் என்று முதலிலேயே கேட்பேன். தடுப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், எத்தனை மெமோ வந்தாலும், போய் நிற்பேன். வெறுமனே பயந்து ஒருத்தரையும் சாக விடமாட்டேன், நைனா. இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் மேல் கோபம் தீராத, கோபத்தில் உன்னைப் போல் பேச்சை நிறுத்தத் தெரியாத,
உன் ஒரே மகள்
தேவகி